நாமக்கல் லாரிகள், 2025: வரி இறங்கியது, நின்ற நாள் இறங்கவில்லை

2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு வண்டிகள் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. டயருக்கும் அதே அளவு குறைப்பு. சரக்கு வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு இருந்த 12 சதவீதம் 5 ஆனது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் ஐந்து முதல் இருபத்தைந்து வண்டி வரை வைத்து ஓட்டும் உரிமையாளருக்கு அந்த ஆண்டின் பெரிய செய்தி இதுதான். ஆனால் ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால், லாபத்தையும் நட்டத்தையும் பிரிக்கும் கோடு வேறோர் இடத்தில் விழுகிறது. வண்டி மாதத்தில் எத்தனை நாள் நின்றது என்பதில்.

அதைக் காட்ட ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பத்துச் சக்கர, 28 டன் மொத்த எடை கொண்ட, பிஎஸ்-6 புகை விதிப்படியான லாரி. ஓட்டம் நாமக்கல் – நவி மும்பை – நாமக்கல், பெங்களூரு வழியாகப் போக 1,250, வர 1,250, ஆக 2,500 கிலோமீட்டர். கீழே வரும் தொகைகள் கணக்குக்காக வைத்தவை. அவரவர் டிரிப் ஷீட்டில் (நடைக் கணக்குத் தாளில்) இருக்கும் எண்ணைப் போட்டுக்கொண்டால் போதும், வழி ஒன்றுதான்.

ஒரு நடைக்கு, அதாவது ஒருமுறை போய் வருவதற்கு, ஆகும் செலவு. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் டீசல் 625 லிட்டர், 92 ரூபாய் வீதம் 57,500. புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் ஆட்புளூ டீசலில் 5 சதவீதம் என்று வைத்தால் 31 லிட்டர், சுமார் 1,900. டோல் 13,000. டிரைவர் படி 12,000. ஏற்று, இறக்கு, எடைமேடை, பார்க்கிங், வழிச்செலவு 5,000. டயர் தேய்மானம் 6,000. சர்வீஸும் உதிரிபாகமும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 3,750. கூட்டினால் 99,150.

வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதந்தோறும் வந்து நிற்பது தனி. 30 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 54 தவணை என்றால் டியூ சுமார் 69,200. காப்பீட்டுக்கு மாதம் 7,000. சாலை வரி, நேஷனல் பர்மிட், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எல்லாம் சேர்த்து 3,800 என்று வைத்தால் மொத்தம் 80,000 ரூபாய்.

போக, வர இரண்டு லோடுக்கும் சேர்த்து வாடகை 1,30,000 வந்தால், நடைச்செலவு போக மிஞ்சுவது 30,850. பத்து நாளில் ஒரு நடை முடிந்தால் மாதம் மூன்று நடை, 92,550 மிஞ்சும். நிலையான செலவு போக உரிமையாளர் கையில் 12,550. அதே நடை பன்னிரண்டு நாளுக்கு இழுத்தால் மாதம் இரண்டரை நடைதான். 77,125 மிஞ்சி, 2,875 ரூபாய் கைநட்டம் ஆகும். வாடகை மாறவில்லை, டீசல் மாறவில்லை, டிரைவரும் மாறவில்லை. நடைக்கு இரண்டு நாள் கூடியது, அவ்வளவே.

இப்போது வரிக் குறைப்பை இதே தராசில் வைக்கலாம். வரிக்கு முந்தைய விலை 28 லட்சம் உள்ள வண்டிக்கு 10 சதவீதப் புள்ளி என்பது 2,80,000 ரூபாய். வரியோடு சேர்ந்த விலையில் இது 7.8 சதவீதம். கடன் அந்த அளவு குறைந்தால் டியூ மாதம் 6,460 ரூபாய் இறங்கும். வண்டி ஒரு நாள் ஓடினால் மிஞ்சுவது 3,085 ரூபாய் என்பதால், மாதத்தில் இரண்டு நாள் கூடுதலாக நின்றாலே அந்தச் சலுகை ஏறத்தாழ முழுவதும் கரைந்துவிடும். மூன்றாம் நபர் காப்பீட்டில் கிடைத்தது இன்னும் சிறிது. 20 முதல் 40 டன் வரையிலான வண்டிக்கு அடிப்படைப் பிரீமியம் 43,950 ரூபாய், அதில் 7 சதவீதம் ஆண்டுக்கு 3,077.

இந்தச் சலுகை எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்து சேரவும் இல்லை. டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு வண்டியை வாடகைக்கு விடும் சிறு உரிமையாளருக்கு உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டி, திரும்பக் கிடைக்காது. ஆகவே விலை குறைந்தது அவருக்கு நேரடி மிச்சம். உள்ளீட்டு வரியை எடுத்துக்கொண்டு வாடகைக்கு 12 சதவீதம் வரி போட்டு வந்த பெரிய நிறுவனத்துக்கு, வண்டி மேல் கட்டிய 28 சதவீதம் எப்படியும் திரும்ப வந்துகொண்டுதான் இருந்தது. அவர்களுக்குக் குறைந்தது முடங்கும் பணம் மட்டுமே. அதற்கு மேல், அந்த 12 சதவீதப் பிரிவு இப்போது 18 ஆகிவிட்டது. உள்ளீட்டு வரி இல்லாத 5 சதவீதப் பிரிவு அப்படியே இருக்கிறது. எந்தப் பிரிவில் இருப்பது என்பதை நிதியாண்டு தொடங்கும் முன் ஆடிட்டரிடம் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது இந்த முறை சம்பிரதாயம் அல்ல.

நாமக்கல்லுக்கே உரிய ஒரு நுணுக்கமும் உண்டு. வாடிக்கையாளர் கொண்டுவந்து விடும் சேஸியில் பாடி கட்டுவது ஜிஎஸ்டியில் சேவை. அதற்கு முன்பே 18 சதவீதம்தான். குறைந்தது சேஸிக்கு, பாடிக்கு அல்ல. புது வண்டி பட்ஜெட் போடும்போது ஆன்ரோடு விலை முழுவதிலும் 7.8 சதவீதம் கழிப்பவர்கள் அங்கேதான் தவறுகிறார்கள். என்2, என்3 வகை (3.5 டன்னுக்கு மேலான) புது லாரிகளின் கேபினுக்கு ஏசி 2025-இல் கட்டாயமானதால் அந்தச் செலவும் விலையில் ஏறியிருக்கிறது. பழைய வண்டி விற்பவருக்கோ இது வேறு விதமாகத் தைக்கும். புது வண்டி விலை இறங்கிய அன்றே மூன்று வருட வண்டியின் மறுவிற்பனை மதிப்பும் இறங்கிவிட்டது, மீதிக் கடன் இறங்கவில்லை.

வண்டி எங்கே நிற்கிறது

இதற்குப் பதில் பெரும்பாலான அலுவலகங்களில் இல்லை. ஜிபிஎஸ் திரையில் வண்டி நின்றது தெரியும், ஏன் நின்றது தெரியாது. நின்ற நேரப் பதிவேடு ஒன்று வேண்டும், அதற்கு மென்பொருள் தேவையில்லை. ஒரு நடைக்கு ஆறு நேரங்கள்: லோடு ஏற்றும் இடத்துக்கு வந்தது, ஏற்றிக் கிளம்பியது, இறக்கும் இடத்துக்கு வந்தது, இறக்கி முடித்தது, ரிட்டர்ன் லோடு கிடைத்தது, ஊர் திரும்பியது. நேரங்களை ஜிபிஎஸ்ஸில் எடுத்துக்கொள்ளலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றால் காரணத்தை டிரைவரிடம் அன்றே கேட்டு எழுத வேண்டும். நடை முடிந்து கணக்குப் பார்க்கும்போது கேட்டால் எல்லாவற்றுக்கும் டிராஃபிக் என்றுதான் பதில் வரும்.

அப்படி எழுதிப் பார்த்தால் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒரு சிலவே வரும். முதலாவது, இறக்கும் இடத்தில் காத்திருப்பு. பகலில் கனரக வண்டிக்குத் தடை உள்ள நகரங்களில் காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் இரவு வரை ஓரங்கட்ட வேண்டியதுதான். கிளம்பும் நேரத்தை மூன்று மணி நேரம் முன்தள்ளினாலே ஒரு பகல் மிஞ்சும் வழித்தடங்கள் உண்டு. கிடங்கு வாசலில் நிற்பதற்கு ஹால்டிங் சார்ஜ் (காத்திருப்புக் கட்டணம்) பேசியிருந்தாலும், வந்த நேரத்துக்குச் சான்று இல்லாவிட்டால் அது வசூலாகாது. எல்.ஆர். (சரக்கு ரசீது) நகலில் கேட்டில் நேரத்தோடு முத்திரை வாங்கி, அந்த இடத்திலேயே படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்வது டிரைவருக்கு இரண்டு நிமிட வேலை. இறக்கி முடித்தபின் யாரும் முத்திரை போட்டுத் தர மாட்டார்கள்.

இரண்டாவது, ரிட்டர்ன் லோடு. போகும் லோடு வாடகையை மட்டும் பார்த்து வண்டியை அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்தபின் லோடு ஆபீஸுக்கு போன் போடுவது பழைய வழக்கம். இறக்குவதற்கு 36 மணி நேரம் முன்பே மூன்று ஆபீஸில் சொல்லி வைப்பது நல்லது. மேலே உள்ள கணக்கில் ஒரு நாள் காத்திருப்பின் விலை 3,085 ரூபாய். அடுத்த நாள் கிடைக்கும் லோடு இன்றைய லோடைவிட அந்த அளவுக்கு மேல் கூடுதல் வாடகை தந்தால்தான் காத்திருக்கலாம். ஆயிரம் ரூபாய் அதிகம் வருகிறதென்று இரண்டு நாள் நிற்பது நட்டக் கணக்கு.

மூன்றாவது, காகிதம். சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டான இ-வே பில்லுக்குக் கெடு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், மிச்சத்துக்கும் ஒரு நாள். 1,250 கிலோமீட்டருக்கு ஏழு நாள் கிடைக்கும். தாராளம்தான். சிக்கல் எங்கே வருகிறதென்றால், சரக்கு அனுப்புபவர் பகுதி ‘பி’யில் வண்டி எண்ணை முன்கூட்டியே ஏற்றிவிடுவார், லோடு ஏறுவதோ இரண்டு நாள் கழித்து. கெடு அன்றே ஓடத் தொடங்கிவிடும். வழியில் வண்டி பழுதானால் கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ, முடிந்து 8 மணி நேரத்துக்குள்ளோ நீட்டிக்கலாம். ஞாயிறு இரவு முடியும் பில்லை யார் நீட்டிப்பது என்பதை அலுவலகத்தில் ஒருவருக்கு ஒப்படைத்திருக்க வேண்டும். வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால் பகுதி ‘பி’யை மாற்றாமல் நகரக் கூடாது. வண்டி எண்ணில் ஓரிரு எழுத்துப் பிழை என்றால் மத்திய, மாநிலச் சட்டங்களின் கீழ் தலா 500 ரூபாயோடு முடிக்கச் சுற்றறிக்கை இருக்கிறது. 2018-ஆம் ஆண்டின் 64-ஆம் எண் சுற்றறிக்கை, அதன் நகலை வண்டியில் வைப்பது உதவும். கெடு தாண்டியது அந்தச் சலுகையில் வராது. அங்கே வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரலாம்.

ஃபாஸ்டேக்கும் இந்த வகைதான். 2025 பிப்ரவரி 17 முதல், டோலைத் தொடுவதற்கு 60 நிமிடத்துக்கு முன்பிருந்தே கருப்புப் பட்டியலில் இருந்து, தொட்டபின் 10 நிமிடம் வரை சரியாகாத டேக்குக்குப் பணம் பிடிக்கப்படாது. வரிசையில் நின்றுகொண்டு ரீசார்ஜ் செய்யும் பழக்கம் அதனால் நம்பத்தகாததாகிவிட்டது. 2025 நவம்பர் 15 முதல் டேக் வேலை செய்யாவிட்டால் யுபிஐயில் ஒன்றேகால் மடங்கு, ரொக்கத்தில் இரண்டு மடங்கு என்று விதி வந்தது. 13,000 ரூபாய் டோல் உள்ள நடைக்கு ஒரு வழிக்குத் தேவையான தொகை எப்போதும் இருப்பில் இருக்கும்படி குறைந்தபட்ச எச்சரிக்கையை 7,000-இல் வைப்பது பாதுகாப்பு. ஆகஸ்ட் 15-இல் வந்த 3,000 ரூபாய் ஆண்டுப் பாஸ் சொந்தக் கார்களுக்கு மட்டும், லாரிக்கு இல்லை.

பட்டறையில் நிற்கும் நாட்கள்

பிஎஸ்-6 வண்டிகள் 2020 ஏப்ரலில் வந்தவை. முதல் தொகுதி இப்போது ஐந்து வயதைத் தாண்டிவிட்டது, பலவற்றுக்கு வாரண்டி முடிந்துவிட்டது. பழைய வண்டியில் இல்லாத பழுதுகள் இவற்றில் வண்டியை நிறுத்துகின்றன.

ஆட்புளூ என்பது 32.5 சதவீத யூரியாக் கரைசல். தரமில்லாததை ஊற்றினாலோ, நீர் கலந்தாலோ நாக்ஸ் சென்சார் (புகையின் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது) பிழை காட்டும், சிறிது தூரம் போனதும் இன்ஜின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் லோடோடு வண்டி நின்றுவிடும். வாங்கும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துளியை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் செறிவு தெரிந்துவிடும். அந்தக் கருவியின் விலை ஒரு நாள் நிற்பதைவிடக் குறைவு. கேனை வெயிலில் வைக்கக் கூடாது, 30 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் இருந்தால் கரைசல் கெடும். டீசல் ஊற்றிய புனலால் ஆட்புளூ ஊற்றக் கூடாது. மூடியையோ இன்ஜெக்டர் முனையையோ சுற்றி வெள்ளைப் படிகம் கட்டியிருந்தால் வெந்நீரால் கழுவிவிட வேண்டும், கம்பியால் சுரண்டினால் இன்ஜெக்டர் முனை போய்விடும்.

புகை வடிகட்டி உள்ள வண்டிகளில் தவறு வேறு வகை. ஏசிக்காக இன்ஜினை ஐடிலில் மணிக்கணக்கில் ஓடவிட்டால் கரி அடையும். வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது வண்டியை அணைத்தால் பாதியில் நின்று மேலும் அடையும். விளக்கு எரிந்தால், பெட்ரோல் பங்கை விட்டுத் தள்ளி நிறுத்தி, சுற்றிலும் காய்ந்த புல்லோ தார்ப்பாயோ இல்லாத இடத்தில் முழுச் சுற்றும் முடிய விட வேண்டும். இன்ஜின் ஆயிலில் மலிவு பார்த்து, கம்பெனி சொன்ன குறைந்த சாம்பல் ரகத்தை விட்டு வேறு ஊற்றினால் அந்தச் சாம்பல் எரிந்து போகாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

இன்னொன்று நம் ஊர் பட்டறையில் நடப்பது. பாடியிலோ சேஸியிலோ வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றாமல் விடுவது. மின்சாரம் இசியூ (இன்ஜின் கணினி) வழியாகத் திரும்பினால் அது எரிந்துவிடும், ஜிபிஎஸ் கருவியும் கூடவே போகும். முதலில் பேட்டரியின் மைனஸ் முனை, சில நிமிடம் கழித்து இசியூ கனெக்டர், பிறகு ஜிபிஎஸ் இணைப்பு என்று கழற்ற வேண்டும். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு ஓரடி தூரத்துக்குள் போட வேண்டும். பட்டறைக்கு வண்டியை விடும் சீட்டிலேயே இதை எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்கலாம்.

டயரில் சொல்ல வேண்டியது சுருக்கம். புது டயர் 22,000, ஒருமுறை ரீட்ரேட் (தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுவது) 7,000, இரண்டும் சேர்ந்து 1,20,000 கிலோமீட்டர் என்றால் ஒரு டயருக்குக் கிலோமீட்டருக்கு 24 பைசா, பத்துக்கு 2 ரூபாய் 40 பைசா. ரீட்ரேட் கிடைக்காமல் உடல் கிழிந்து போனால் இந்தக் கணக்கு முழுவதும் கவிழும். பள்ளம் 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கும்போதே கழற்றிவிட வேண்டும். ஜோடி டயர்களில் உயர வித்தியாசம் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் உயரமானதே சுமையைத் தாங்கிச் சூடாகிக் கிழியும். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் அளக்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் அளந்து, அதிகமாக இருக்கிறதென்று காற்றை இறக்குவதுதான் பல டயர் வெடிப்புகளுக்கு வழி.

மைலேஜ் 4-இலிருந்து 4.2 ஆனால் நடைக்கு 30 லிட்டர், மாதம் சுமார் 8,200 ரூபாய் மிச்சம். இது வரிக் குறைப்பைவிடப் பெரிது, ஆனால் அளக்கும் முறை சரியாக இருந்தால்தான் தெரியும். ஒரே பங்கில், ஒரே பம்பில், டேங்க் நிரம்ப நிரம்பப் போட்டு அளப்பதுதான் நம்பகமானது. டேங்க் சென்சார் சாய்வான சாலையிலும் ஆட்டத்திலும் 10, 15 லிட்டர் ஏற்ற இறக்கம் காட்டும். அந்த எண்ணை வைத்து டிரைவர் மேல் டீசல் திருட்டுப் பழி போட்டு நல்ல ஆளை இழந்தவர்கள் உண்டு. அசையாமல் நிற்கும் வண்டியில், சில நிமிடத்தில் 20 லிட்டருக்கு மேல் இறங்கினால் மட்டுமே விசாரிக்கத் தக்கது.

2026-இல் தேதி பார்க்க வேண்டியவை

பழைய வண்டி வைத்திருப்பவருக்கு முதல் அடி எஃப்.சி. கட்டணம். 2025 நவம்பரில் மத்திய அரசு வயதுப்படி கட்டணத்தை மாற்றியது. கூடுதல் கட்டணம் 15 ஆண்டில் தொடங்கியது போய் இப்போது 10 ஆண்டிலேயே தொடங்குகிறது. 20 ஆண்டு தாண்டிய கனரக வண்டிக்கு 25,000 ரூபாய். எட்டு ஆண்டு தாண்டினால் எஃப்.சி. ஆண்டுதோறும். ஆகவே ஒவ்வொரு வண்டிக்கும் உற்பத்தி மாதம், பிஎஸ் நிலை, பர்மிட் முடியும் வயது மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். நேஷனல் பர்மிட் சாதாரண லாரிக்கு 12 ஆண்டு, மல்டி ஆக்சிலுக்கு (பல அச்சு வண்டிக்கு) 15 ஆண்டு வரைதான்.

டெல்லி ஓட்டம் உள்ளவர்களுக்கு இன்னும் நெருக்கம். 2025 நவம்பர் 1 முதல், டெல்லியில் பதிவாகாத, பிஎஸ்-6 அல்லாத சரக்கு வண்டிகளுக்கு அங்கே நுழைவு இல்லை. பிஎஸ்-4க்கு மட்டும் 2026 அக்டோபர் 31 வரை தவணை. 2017 ஏப்ரலுக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையில் வாங்கிய வண்டிகளை அந்தத் தேதிக்குள் தென்மாநில ஓட்டத்துக்கு மாற்ற வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் மாற்றினால் இங்கே வாடகை இறங்கும் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

எரிவாயு டேங்கர் உரிமையாளர்களுக்கு 2025 முழுவதும் ஒப்பந்தப் பிரச்சினையிலேயே கழிந்தது. எண்ணெய் நிறுவனங்களின் 2025–30 போக்குவரத்து ஒப்பந்தத்தில் மூன்று ஆக்சில் வண்டிக்கு முன்னுரிமை என்ற நிபந்தனையை எதிர்த்து மார்ச் இறுதியிலும், ஒப்பந்தப் பிரச்சினையில் மீண்டும் அக்டோபரிலும் வேலைநிறுத்தம் நடந்தது. நாமக்கல்லில் பலரிடம் இருப்பது இரண்டு ஆக்சில் வண்டி. ஒரே வாடிக்கையாளர், ஒரே வகை வண்டி, ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று கட்டிய தொழிலில் டெண்டரின் ஒரு வரி மாறினால் கடன் பாக்கி உள்ள வண்டி தேவையற்றதாகிவிடும். டேங்கரை வேறு சரக்குக்கும் திருப்ப முடியாது. புதிதாக டேங்கர் வாங்குபவர் கடன் தவணைக் காலத்தை ஒப்பந்தக் காலத்துக்குள் முடியும்படி வைப்பது ஒன்றே இப்போதைக்குச் செய்யக்கூடியது.

மின்சார லாரிக்கு 2025 ஜூலையில் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் ஊக்கத்தொகை வந்தது. வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம், நாடு முழுவதும் சுமார் 5,600 வண்டிகளுக்கு. பழைய டீசல் லாரியை உடைத்த சான்றிதழ் கட்டாயம். மும்பை நடைக்கு இது இப்போது சரிவராது. நாளொன்றுக்கு 200 கிலோமீட்டருக்குள், ஒரே ஆலைக்கும் ஒரே யார்டுக்கும் இடையே போய்வரும் சிமென்ட், ஸ்டீல், கன்டெய்னர் ஓட்டத்துக்கு, ஆலைக்காரரே சார்ஜிங் வசதி தந்தால் மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கவனம் குறைவாகப் பெற்றுவரும் மாற்றம் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். 2025 நவம்பர் 21 அன்று நான்கும் நடைமுறைக்கு வந்தன. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அவற்றில் அடங்கிவிட்டது. பணி நியமனக் கடிதம் எல்லாத் தொழிலாளருக்கும் கட்டாயம். ஊதியத்தில் படிகள் பாதிக்கு மேல் போனால், மிகுதி ஊதியமாகவே கணக்கில் சேரும். லாரி டிரைவருக்குச் சம்பளம் சிறிது, படி பெரிது. அதனால் இந்த விதி நம் தொழிலின் கூலி முறையை நேராகத் தொடுகிறது. பணிக்கொடைக் கணக்கும், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் மாறும். டிரிப் ஷீட்டில் இப்போது ஒரே வரியில் எழுதும் படியை, சாப்பாடு, வழிச்செலவு, ஓட்டக் கூலி என்று மூன்றாகப் பிரித்து அடுத்த நடையிலிருந்தே எழுதத் தொடங்கினால், மாநில விதிகள் வந்ததும் பழைய கணக்கைத் தோண்ட வேண்டியிருக்காது.